இடுப்புத் துப்பாக்கியா, போட்டித் துப்பாக்கியா?

கேள்வி: ஐயா, சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் எனக்கு எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. கள்ளு இறக்கக் கொடுத்திருக்கிறேன், ஊடே கடலையும் போடுகிறோம். பொள்ளாச்சியில் காய் விற்ற பணம், ஆட்களுக்குத் தரவேண்டிய கூலி என்று கையில் ரொக்கத்தோடு இருட்டின பிறகு பைக்கில் வருவது வழக்கம். பக்கத்து ஊரில் ஒருவரை மறித்துப் பணத்தைப் பறித்துவிட்டார்கள். அதிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், போன வருஷம் நண்பர் ஒருவர் கோவையில் ரைபிள் கிளப்புக்குக் கூட்டிப் போனார். ஏர் பிஸ்டல் சுட்டுப் பார்த்தேன், விட மனசில்லை. இப்போது லைசென்ஸ் எடுக்க நினைக்கிறேன். இடுப்பில் செருகிக்கொள்ளச் சின்ன பிஸ்டல் வாங்குவதா, போட்டிக்கு ஆகிற பெரிய பிஸ்டல் வாங்குவதா? இரண்டுக்கும் ஆகிற மாதிரி ஒன்றே கிடைக்குமா? வீடியோக்களில் 9 மி.மீ. நடுத்தர அளவு பிஸ்டல் எல்லாவற்றுக்கும் ஆகும் என்கிறார்கள். தோப்பில் பன்றித் தொல்லையும் உண்டு. வீட்டில் 16 வயதில் மகன், ஏழாவது படிக்கும் மகள்.
— ஒரு வாசகர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: இரண்டுக்கும் ஆகிற ஒரே பிஸ்டல் கிடையாது. உங்களுக்கு நான் சொல்வது, இடுப்புத் துப்பாக்கி ஆசையை விட்டுவிடுங்கள், சுடுதலை விடாதீர்கள். பன்றிக்கு வழி வேறு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒரு தடவை பணம் போட்டு லைசென்ஸில் ஏற்றிவிட்டால் துப்பாக்கியை மாற்றுவதும் விற்பதும் லேசான காரியமல்ல.

முதலில் அந்த வீடியோக்கள். அவற்றில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அங்கே கடைக்குப் போய் 9 மி.மீ. பிஸ்டலில் மூன்று அளவுகளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பிடித்ததை வாங்கலாம். நம் நாட்டில் ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை. அதற்கான லைசென்ஸ் டெல்லியில் உள்துறை அமைச்சகம் பார்த்துக் கொடுக்கவேண்டியது. சாதாரண விவசாயிக்கு அந்தக் கதவு திறக்காது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்வதும் பல பத்தாண்டுகளாக அடைபட்டுக் கிடக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஆகவே தற்காப்புக்கென்று உங்களுக்கு எட்டக்கூடியது பெரும்பாலும் .32 போர் (குழல் துளை அளவு) கைத்துப்பாக்கிதான். கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வர்களைத்தான் பலர் வாங்குகிறார்கள். 2014-ல் வந்த 'நிர்பீக்' அரைக் கிலோ எடை. 2023-ல் வந்த 'பிரபல்' முக்கால் கிலோவுக்கும் குறைவு, குழல் 76 மி.மீ. இவற்றைத்தான் நீங்கள் சின்னத் துப்பாக்கி என்கிறீர்கள்.

போட்டித் துப்பாக்கி இதிலிருந்து அடியோடு வேறு. சர்வதேசச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டல் .22 போர். 1400 கிராமுக்கு மேல் போகக்கூடாது. குழல் 153 மி.மீ. வரை இருக்கலாம். குழல் முனையில் இருக்கும் முன்குறிக்கும் கண்ணுக்குப் பக்கம் இருக்கும் பின்குறிக்கும் நடுவே 220 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம். ட்ரிகர் குறைந்தது ஒரு கிலோ எடையைத் தாங்கவேண்டும். மொத்தத் துப்பாக்கியும் 300, 150, 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் அடங்கவேண்டும். போட்டி தொடங்கும் முன் அதிகாரிகள் இந்தப் பெட்டியில் வைத்தே பார்ப்பார்கள்.

இதில் முன்குறி பின்குறி இடைவெளி என்ற ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். சின்னத் துப்பாக்கியில் அந்த இடைவெளி ஏறக்குறைய 12 செ.மீ. என்று வையுங்கள், போட்டித் துப்பாக்கியில் 22 செ.மீ. நீங்கள் குறி வைக்கும்போது முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. 25 மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் பெரிய துப்பாக்கியின் தோட்டா நடுவிலிருந்து சுமார் 11 செ.மீ. விலகி விழும். அது ஆறு புள்ளி தரும் ஆறாம் வளையம். சின்னதில் அதே ஒரு மில்லிமீட்டர் பிசகு 20 செ.மீ.க்கும் மேல் விலக்கிவிடும். அது இரண்டே புள்ளி தரும் இரண்டாம் வளையம். கை ஒன்றுதான், கண் ஒன்றுதான், பிசகும் ஒன்றுதான். துப்பாக்கியின் நீளம் மட்டுமே ஆறை இரண்டாக்கிவிட்டது. சின்னத் துப்பாக்கியோடு போட்டிக்குப் போகிறவர் எவ்வளவு உழைத்தாலும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது.

எடையும் அப்படியே. அரைக் கிலோ ரிவால்வர் கையில் உதறும். அந்த உதறலை எதிர்பார்த்து, சுடுவதற்கு ஒரு கணம் முன்பே மணிக்கட்டு தானாகக் கீழே அழுத்தும். புதியவர்களின் குண்டுகள் அட்டையின் அடிப்பாகத்தில் போய் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சின்னத் துப்பாக்கியில் சுடப் பழகுகிறவருக்கு முதலில் ஒட்டிக்கொள்வது இந்தக் கெட்ட பழக்கம், அதைக் கழற்ற மாதக்கணக்கில் ஆகும். கைப்பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். ரிவால்வரில் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேரே ட்ரிகரை இழுத்தால் நாலைந்து கிலோ பலம் வேண்டும். இடுப்பில் வைப்பதற்கு அந்தக் கடினம் நல்லது, பதற்றத்தில் தானாக வெடித்துவிடாது. போட்டிக்கு அதுவே எமன்.

போட்டித் துப்பாக்கியை இடுப்பில் வைக்கலாமா என்றால் அதுவும் முடியாது. உள்ளங்கைக்கு அணைகொடுக்கும் மரக் கைப்பிடியே ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்குறியைத் திருகித் திருத்தும் அமைப்பு சட்டையில் மாட்டும். ஒரு கிலோ ட்ரிகர் என்பது, நெஞ்சு படபடக்கும்போது விரல் பட்டாலே போய்விடும் அளவு. அதோடு இவை பூப்போலப் பார்த்துக்கொள்ளவேண்டியவை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நடந்தது நினைவிருக்கும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கியின் லீவர் பழுதாகி, அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் நேரம் ஓடிவிட்டது. 575 புள்ளிகளோடு 12-வது இடம், இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். உலகத் தரத்தில் பராமரிக்கப்படும் துப்பாக்கியே இப்படி நின்றுபோகக்கூடும் என்றால், தோப்புத் தூசியிலும் மழையிலும் பைக் பெட்டியில் குலுங்கி வருவதற்கு அது ஆனதல்ல.

இனி நீங்கள் பயந்து எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது. ஆனால் துப்பாக்கி அதைத் தீர்க்குமா என்பதை அந்த இருட்டு ரோட்டில் நின்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பைக் ஓட்டுகிறீர்கள், இரண்டு கையும் ஹேண்டில் பாரில். மறிக்கிறவர்கள் இருவரோ மூவரோ, எங்கே எப்போது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். கட்டையால் அடித்தோ குறுக்கே வண்டியை விட்டோ உங்களைக் கீழே தள்ளிய பிறகுதான் உங்களுக்கு விஷயமே தெரியும். அந்த நேரத்தில் சட்டைக்கு அடியிலிருந்து ரிவால்வரை உருவி, இருட்டில், விழுந்த நிலையில், ஆளை அடையாளம் கண்டு சுடுவதற்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாதவர் இடுப்பிலிருக்கும் துப்பாக்கி, பணத்தோடு சேர்ந்து அவர்கள் கைக்குப் போகும். அதன் பிறகு அது எங்கே வெடித்தாலும் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

சுட்டுவிட்டால்? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. உயிர் போகவோ கொடுங்காயம் படவோ உண்மையான ஆபத்து இருந்தால் எதிராளி சாகும் அளவுக்குக்கூட அந்த உரிமை போகும். வழிப்பறியும் அதற்குள் வரும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்யக்கூடாது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. தேங்காய் திருட வந்தவனைச் சுட்டாலும் ஆகாது. அந்த வழக்கு முடியும் வரை உங்கள் தோப்பை யார் பார்ப்பார்கள், கடலை எடுக்க யார் ஆள் பிடிப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, மற்ற ஊர்க்காரர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. உங்களுக்குப் பொள்ளாச்சி சந்தையும் கோவை ஆஸ்பத்திரியும் அன்றாடம். கோபாலபுரத்தையோ மீனாட்சிபுரத்தையோ வேலந்தாவளத்தையோ தாண்டுவதை நீங்கள் ஊர்விட்டு ஊர் போவதாகக்கூட நினைப்பதில்லை. ஆயுத லைசென்ஸ் அப்படி நினைக்காது. அதில் எந்தப் பகுதியில் செல்லும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கேரளம் மட்டும் என்று எழுதியிருந்தால், இடுப்பில் துப்பாக்கியோடு செக்போஸ்ட்டைத் தாண்டிய கணத்தில் நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருப்பதற்கான தண்டனையும் கூடியிருக்கிறது. பணத்தோடு வருவது பொள்ளாச்சியிலிருந்து என்பதால், துப்பாக்கி தேவைப்படும் என்று நீங்கள் நினைக்கும் பயணத்தில் பாதி வழி தமிழ்நாட்டில்தான். என்ன ஆயுதத்துக்கு விண்ணப்பித்தாலும் பக்கத்து மாநிலத்தையும் சேர்த்துத் தரும்படி முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

லைசென்ஸே கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. பாலக்காடு கலெக்டரேட்டுக்குத்தான் விண்ணப்பம் போகும், போலீஸ் அறிக்கை வரும். கைத்துப்பாக்கி கேட்பவருக்கு உயிராபத்து உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்து ஊரில் ஒருவருக்கு வழிப்பறி நடந்தது என்பது பெரும்பாலும் அதற்குப் போதாது. தேர்தல் அறிவித்தால் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பஞ்சாயத்து, சட்டசபை, பாராளுமன்றம் என்று தேர்தல் வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நடையாய் நடப்பீர்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கி சட்டென்று எடுக்கும்படி இருக்கவேண்டும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது சட்டென்று எடுக்க முடியாதபடி பூட்டியிருக்கவேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஒருவராலும் முடிந்ததில்லை. பதினாறு வயசு என்பது பரீட்சை மார்க்குக்கே மனம் உடைகிற வயசு. கைக்கெட்டும் துப்பாக்கி இருக்கும் வீட்டில் ஒரு நிமிஷத்துத் துக்கம் உயிரைக் கொண்டுபோவதற்கு வாய்ப்பு அதிகம். இது உலகம் முழுக்கத் தெரிந்த உண்மை, நம் வீடுகள் அதற்கு விலக்கல்ல. உங்களை வருத்துவதற்காக இதை எழுதவில்லை. இதைச் சொல்லாமல் குழல் நீளத்தை மட்டும் பேசினால் நான் உங்களுக்கு நல்லது செய்தவன் ஆகமாட்டேன்.

பணத்துக்கு வழி எளிது. வியாபாரியிடம் காசைக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கூலியில் பெரும்பகுதியையும் ஆட்களின் கணக்குக்கே அனுப்பலாம். ரொக்கம் கட்டாயம் வேண்டிய நாளில் பகலில் எடுங்கள், ஒரே கிழமை ஒரே நேரம் என்று வைக்காதீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். இத்தனையும் செய்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறதோ அதற்காக யாரும் உங்களை மறிக்கக் காத்திருக்கமாட்டார்கள்.

பன்றிக்குக் கைத்துப்பாக்கி வேண்டவே வேண்டாம். .32 தோட்டா பெரிய ஆண் பன்றியைக் காயப்படுத்தி வெறியேற்றும், அவ்வளவுதான். காயம்பட்ட பன்றி தோப்புக்குள் படுத்திருந்தால் மறுநாள் காலையில் கள்ளு இறக்க வருகிறவர்தான் அதன் முன் போய் நிற்பார். 2022 மே மாதம் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் அதிகாரம் கொடுத்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அவர்கள் உத்தரவிடலாம், லைசென்ஸ் உள்ளவர்கள் அதைச் செய்வார்கள். விஷம், வெடி, மின்சாரம் எதுவும் கூடாது. உங்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுங்கள். நீங்களே துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பினால் இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள 12 போர் துப்பாக்கிக்குக் கேளுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு காவலுக்கும் பயிர்க்காப்புக்கும் அந்த வகையைத்தான் தனியாகப் பெயர் சொல்லி இடம் கொடுக்கிறது. கைத்துப்பாக்கி கேட்கிறவரைவிட உங்கள் மனுவுக்கு வலு இருக்கும். அதையும் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் வைக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

இப்போது எனக்குச் சந்தோஷமான பகுதி. ஏர் பிஸ்டலைச் சுட்டு விட மனசில்லை என்கிறீர்களே, அந்த வழியிலேயே போங்கள். 4.5 மி.மீ. போருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு ஆயுத லைசென்ஸ் வேண்டியதில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் இதற்கு வெகு கீழேதான். அடையாள அட்டை காட்டி வாங்கலாம். இதை லேசாக நினைக்காதீர்கள், மனு பாக்கர் வெண்கலம் வென்றதும் இந்த வகைத் துப்பாக்கியில்தான். பத்து மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அட்டை, அதன் நடுவே பத்தாம் வளையம் 11.5 மி.மீ. அகலம். போட்டியில் அறுபது குண்டுகளுக்கு ஒன்றேகால் மணி நேரம். உங்கள் தோப்பு வீட்டுத் திண்ணையோ கடலை உலர்த்தும் களமோ பத்து மீட்டருக்குத் தாராளமாக இருக்கும். அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பெட்டியும் அதற்குப் பின்னால் கெட்டிச் சுவரும் இருக்கவேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. .22-ஐ மட்டும் தோப்பில் சுட நினைக்கவே வேண்டாம். அந்தச் சின்னத் தோட்டா ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போகும், உங்கள் பகுதியில் எந்தத் திசையில் சுட்டாலும் அதற்குள் ஒரு வீடு இருக்கும்.

வாங்கும்போது விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் கைப்பிடி. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, பிஸ்டலைத் தூக்கிக் குறிவைக்கிற மாதிரி பிடியுங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி தானாகவே பின்குறியின் பள்ளத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் அந்தக் கைப்பிடி உங்களுடையது. ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டை முறுக்கித் திருத்தவேண்டியிருந்தால் வேண்டாம், அல்லது மரத்தை இழைத்துச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கிளப்பில் பழைய துப்பாக்கி விற்பவர்கள் இருப்பார்கள், நல்லதாகவே கிடைக்கும். ஆனால் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். சிலிண்டரின் ஆயுள் பத்து வருஷம். காலாவதியானதைப் போட்டியில் அனுமதிக்கமாட்டார்கள், நிரப்புவதும் ஆபத்து. ட்ரிகர் அரைக் கிலோவைத் தாங்குகிறதா என்று அதற்கான எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வருஷம், முடிந்தால் இரண்டு வருஷம் இதில் சுடுங்கள். கூடவே மாவட்ட ரைபிள் அசோசியேஷனில் உறுப்பினராகி மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். உங்கள் புள்ளிகள் ஏட்டில் பதியட்டும். அந்தப் பதிவோடு விளையாட்டுக்கென்று .22 பிஸ்டலுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் மனு வேறு கனம் பெறும். 2019 திருத்தத்தின்படி சாதாரண லைசென்ஸில் இரண்டு துப்பாக்கிதான். தேசிய அளவில் பெயர் பெற்ற சுடுவீரர்களுக்கு அதற்கு மேலும் அனுமதி உண்டு, தேர்தல் நேரத்து ஒப்படைப்பிலும் தேசிய ரைபிள் சங்கத்தின் போட்டியாளர்களுக்குத் தளர்வு தருகிறார்கள். 12 போர் ஒன்று, .22 ஒன்று என்று உங்கள் இரண்டு இடமும் நல்ல காரியத்துக்கு நிரம்பிவிடும். இடுப்பு ரிவால்வரை முதலில் வாங்கியிருந்தால் இதில் ஒன்றை இழந்திருப்பீர்கள்.

மகனையும் மகளையும் அடுத்த தடவை கோவைக்குக் கூட்டிப் போங்கள். ஏர் பிஸ்டல் ஒரு கிலோ அளவில் இருக்கும். ஏழாவது படிக்கிற பெண் அதை நீட்டிய ஒற்றைக் கையில் நெடுநேரம் தூக்கிப் பிடிக்க முடியாது. தாங்கல் வைத்துச் சுடக் கற்றுக்கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள், சின்னக் கைக்கான கைப்பிடியும் தனியாக வருகிறது.